ஏசுவடியானின் நிழலில் இருபத்தாறு பேர்

போரில் பதக்கம் வாங்கிய ஏசுவடியான் விமானப்படை வேலையை விட்டுக் கீழத்தருவைக்குத் திரும்பி வந்தது ஒரு மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு; பஸ்ஸிலிருந்து இறங்கி இரும்புப் பெட்டியோடு ரோட்டோரம் நின்றபோது அவன் காலடியிலிருந்து விழுந்தது மனித நிழல் அல்ல, கூர்மூக்கும் பின்னால் சாய்ந்த இரண்டு இறக்கைகளும் குட்டை வாலுமாக, அவன் ஆறு வருஷம் ஓட்டிய போர்விமானத்தின் நிழல், அது பஸ் நிறுத்தத்தில் தொடங்கி டீக்கடைக்குள் நுழைந்து அடுப்புவரைக்கும் போய்க் கிடந்தது. டீக்கடை செல்லப்பாண்டி தலையைத் தூக்கிப் பார்த்து, "சார்வாள், ஒரு எட்டு தள்ளி நிக்கணும். பாலு பொங்குதா இல்லையான்னு தெரியல" என்றான். பதக்கம் வாங்கியவனுக்கு எங்கள் ஊர் சொன்ன முதல் வரவேற்பு அதுதான்.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. எங்களுடையது வெயில் ஊர். கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே மூவாயிரம் ஏக்கர் உப்பளம், அதில் ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது, நடுப்பகலில் நின்றால் உன் நிழல் ஒன்றுதான் உனக்கு, அதையும் நீ மிதித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவனுடைய நிழல் பெரிதாக இருந்தால் அது ஏன் அப்படி என்று ஜனங்கள் கேட்கமாட்டார்கள், எவ்வளவு பெரிது என்றுதான் கேட்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் கயிறு பிடித்து அளந்தார். நீளம் நாற்பத்தைந்து அடி, இறக்கை நுனிக்கு இறக்கை நுனி முப்பத்துமூன்று அடி, காலையிலும் உச்சியிலும் மாலையிலும் ஒரே அளவு. ஊருக்கு அது போதுமான விளக்கமாக இருந்தது.

முதல் வாரம் கோழிகள் பருந்து என்று நினைத்துக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஓடின; மூன்றாம் வாரம் அதே கோழிகள் வெயில் ஏறியதும் அவன் வீட்டு வாசலில் வந்து காத்துக் கிடந்தன. கருவாடு காயப்போட்ட பெண்கள், "பைலட்டு வாராரு, எடுங்கட்டி, எடுங்கட்டி" என்று பாயோடு சுருட்டினார்கள். உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் அவனைக் கடைசியாக வெளியே வரச் சொன்னார், ஏனென்றால் அவன் முதலில் வந்து நின்றால் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை, அங்கேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் பந்தல் துணி பற்றாமல் போனால் அவனை அழைத்து மேற்கு ஓரமாக நிற்கவைத்தார்கள். சாவு வீட்டில், சுமக்கிறவர்களுக்குத் தலை சுடக்கூடாது என்று பாடையை ஒட்டி நடந்துவரச் சொன்னார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனான், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றான், எதற்கும் முகம் சுளித்ததில்லை, ஆனால் ஒரு நாளும் சிரித்ததும் இல்லை.

நானும் அவனும் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் அப்பா ஞானாபரணமும் என் அப்பாவும் அடுத்தடுத்த பாத்தியில் உப்பு வாரியவர்கள். ஐந்தாவதோடு நான் உப்பளத்துக்குப் போனேன், மிச்சப் படிப்பை உப்பளத் தொழிலாளர் சங்கத்துத் துண்டறிக்கைகளில் படித்தேன். அவனை மிஷன்காரர்கள் படிக்கவைத்தார்கள், படித்தான், பரீட்சை எழுதினான், எங்கோ வடக்கே போய் விமானம் ஓட்டப் பழகினான், எல்லையில் போர் வந்தது. எதிரி முகாம் ஒன்றை நடுப்பகலில் தாழப் பறந்து அழித்தார், இறக்கை துளைபட்ட விமானத்தை எண்ணெய் தீர்கிற நேரத்தில் தரை சேர்த்தார், என்று பேப்பரில் வந்ததைச் சங்க வாசலில் நின்று சத்தமாக வாசித்தவன் நான்தான். ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன். முதலாளி அவன் படத்தைச் சட்டம் போட்டு உப்பள ஆபீசில் மாட்டினார், அந்த ஆபீசுக்குள் ஞானாபரணம் ஒரு நாளும் செருப்போடு ஏறியதில்லை, மகன் படத்தைப் பார்க்கப் போனபோதும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். அதற்கடுத்த வருஷம் அவர் செத்துப்போனார். படம் மட்டும் அங்கேயே இருந்தது.

அந்த ஆபீசின் முன்னால்தான் சங்கம் ஒன்பது வருஷமாக ஒரே கோரிக்கையை வைத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு தூண், மேலே கீற்று, கீழே மணல், மூலையில் ஒரு பானைத் தண்ணீர். ஒரு கொட்டகை. விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்குகிற பெண்கள் பதினொரு மணிக்குக் கஞ்சி குடிக்க ஒதுங்குவதற்கு ஒரு நிழல், அவ்வளவுதான் கேட்டோம். மனு எழுதினோம், கொடி பிடித்தோம், இருபது நாள் வேலையை நிறுத்தினோம், நான் இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தேன். போன சித்திரையில் எங்கள் உப்பளத்துச் சுடலைவடிவின் தங்கை தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் விழுந்தாள், கூடையை எடுத்துவிட்டுப் பார்த்தால் அவள் எழுந்திருக்கவில்லை, அவளைத் தூக்கிக் கிடத்த அந்த மூவாயிரம் ஏக்கரில் ஒரு கையகல நிழல் இல்லை. வடிவு தன் சேலைத் தலைப்பை விரித்து அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வடிவு சங்கத்தில் சேர்ந்தாள். அவளைப் போலச் சங்கத்துக்கு உழைத்த ஆளை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

பங்குனி தொடக்கத்தில் ஒரு நாள் ஏசுவடியான் அப்பா வாரிய பாத்தியைப் பார்ப்பதற்காக உப்பளத்துக்குள் நடந்துவந்தான். வெள்ளையாய்க் கண்ணைக் குத்துகிற அந்தத் தரையில் கரும்பச்சைத் துணியை விரித்தது மாதிரி அந்த நிழல் வரப்பு ஏறி இறங்கி வந்தது. கஞ்சி வாளியைத் திறந்துகொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள்.

"ஏட்டி, நிழலு!"

"யாரு நிழலு?"

"யாருதா இருந்தா என்னட்டி, போயி உக்காரு."

வாளியும் கையுமாக எழுந்து போய் இறக்கைக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். அவன் திகைத்து ஒரு கால் பின்னால் எடுத்தான், நிழலும் ஒரு கால் பின்னால் போனது, ஐந்தாறு பேர் வெயிலுக்கு வந்துவிட்டார்கள். வடிவு கஞ்சி வாயோடு கையை உயர்த்தினாள்.

"சார், அசையாதீங்க. குடிச்சு முடிக்க வரைக்கும்தான்."

அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. "நிக்கேன் தாயி" என்றான். "மெள்ளக் குடிங்க. நான் நிக்கேன்."

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். வடிவு இரக்கப்பட்டு ஒரு குடையைக் கொண்டுவந்து அவன் தலைக்கு மேலே பிடித்தாள், பிடித்ததும் விமானம் மறைந்து குடையின் நிழல் மட்டும் விழுந்தது, இருபது பேர் வெயிலில் கத்தினார்கள், அவன் குடையை மெதுவாக விலக்கிவிட்டான். நிழல் கொடுக்கிறவனுக்கு நிழல் இல்லை என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துபோனது, தெரிந்துகொண்டு உட்கார்ந்தார்கள். பசியும் வெயிலும் சேர்ந்தால் மனுஷ ஜாதி அப்படித்தான் உட்காரும், அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆண்கள் தூரத்தில் நின்று, "எங்களுக்கு ஒரு ஹெலிகாப்டராவது கொண்டாங்க சார்" என்று கேலி பேசினார்கள்.

நான்கு நாளில் சண்டை வந்தது. வால் பக்கம் கிடைத்தவள் இறக்கையில் உட்கார்ந்தவளை ஏசினாள், முந்தி வந்தவள் நகரமாட்டேன் என்றாள், ஒருத்தி இன்னொருத்தியின் வாளியை எட்டி உதைத்தாள். சங்கம் எதற்கு இருக்கிறது? நான் உட்கார்ந்து முறை போட்டேன். வலது இறக்கையில் பத்துப் பேர், இடது இறக்கையில் பத்துப் பேர், உடலில் ஐந்து பேர், வாலில் ஒருத்தி, ஆக இருபத்தாறு. உப்பளத்தில் பெண்கள் நூற்று நான்கு பேர். பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை அரைமணிக்கு ஒரு குழு, ஆக நான்கு குழு, வாரத்துக்கு ஒரு தடவை இறக்கையில் இருந்தவர்கள் உடலுக்கு மாறவேண்டும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு எப்போதும் உடல் பகுதி. வடிவு தனக்கு வால் போதும் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். இதை 'நிழல் முறை: தோழர்களுக்கு அறிவிப்பு' என்று தலைப்புப் போட்டு, நோட்டீசாக அச்சடித்து, கீழே மாசானம், தலைவர் என்று என் கையெழுத்தையும் போட்டு, உப்பள வாசலில் ஒட்டினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய நோட்டீசுகளில் அது மாதிரி நியாயமான நோட்டீஸ் இன்னொன்று இல்லை என்று அப்போது நினைத்தேன். சண்டை நின்றது. ஊரில் எல்லோரும் பாராட்டினார்கள்.

சித்திரை முதல் வாரம் தொழிலாளர் அதிகாரி முன்னால் பேச்சுவார்த்தை. நான் கொட்டகைக் கோரிக்கையை வாசித்து முடித்தேன். முதலாளி மடித்த காகிதம் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து விரல் நுனியால் நகர்த்தினார்.

"நிழல் இல்ல, நிழல் இல்லங்காரு தலைவரு. இருக்கிற நிழலுக்கு முறை போட்டு நோட்டீஸ் அடிச்சிருக்காங்கய்யா. கையெழுத்து யாருதுன்னு பாருங்க."

அதிகாரி இரண்டு தடவை வாசித்தார். "அழகா போட்டிருக்கீங்க மாசானம்" என்றார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் என்னை இன்றுவரை குத்துகிறது. பிறகு கோப்பில் எழுதினார்: நிழல் வசதி உள்ளது.

அதற்குப் பிறகு ஏசுவடியான் உப்பளத்தின் சொத்தாகிவிட்டான். பத்து நிமிஷம் பிந்தினால் கங்காணி சங்கரபாண்டி வரப்பில் நின்று, "கொட்டகை வந்தாச்சா? இன்னும் வரலியா?" என்று கூவினான். பெண்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பும் நின்று அது வழக்கமான பேச்சாகிவிட்டது, கொட்டகை வருது, கொட்டகை போகுது, கொட்டகைக்கு இன்னைக்குச் சளி. சித்திரை வெயில் அவனை உரித்தது. கழுத்தில் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது, உதடு வெடித்தது, உப்பின் வெளிச்சம் ஏறி இடது கண் சாயந்திரமானால் தெரியாமல் போனது. தர்ம ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே நின்னா இந்தக் கோடையத் தாண்டமாட்டாரு, சொல்லிட்டேன்" என்றார்.

அன்று பிற்பகல் அவன் வீட்டுக்குப் போனேன். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு ஈரத்துண்டைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

"ஏல, நாளையிலருந்து வராத" என்றேன்.

"வருவேன்."

"ஏல, செத்துப்போயிருவ."

"போறேன்."

"உன்னாலதான் கொட்டகை நின்னுபோச்சு, தெரியுமா? நீ நிக்கிற வரைக்கும் அவன் ஒரு கம்பு நடமாட்டான். நீ பெரிய தர்மம் பண்ணுதேன்னு நெனைச்சுக்கிட்டு இருக்க. முதலாளிக்கு இனாமா ஒரு கொட்டகை, அதுதான் நீ."

அவன் துண்டை எடுக்காமலே பேசினான். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அது முகாம் இல்லல மாசானம். உப்பளம். மேலருந்து பாத்தா வெள்ளையா, வரிசையா, கூடாரம் மாதிரி இருந்துச்சு. கூடப் பறந்தவன் மலைநாட்டுக்காரன், அவனுக்குக் கூடாரம்தான். எனக்குத் தெரியாதால? ஓலை போட்டு மூடின உப்பு அம்பாரம் எனக்குத் தெரியாதா? முதல் சுத்துல தாழப் போனேன். பொம்பளைங்க குனிஞ்சு வாரிக்கிட்டு இருக்காங்க. என் நிழல் அவங்க பக்கத்துல விழுந்துது. எவளும் ஓடலல. நிழலப் பாத்து உள்ள வந்து நின்னாங்க. மேகம்னு நெனைச்சிருப்பாங்க போல. ஒருத்தி முக்காட்ட இறக்கி முகத்தத் தொடச்சா. அரை நொடிதான். எல்லாத்தையும் பாத்தேன். ரெண்டாவது சுத்துல உத்தரவு வந்துது. அமுக்கிட்டேன்."

வெளியே கோழி ஒன்று கேறியது. 

"இங்க வந்து முதல் நாள் இவங்க எந்திரிச்சு உள்ள வந்தாங்க பாரு, அப்ப எனக்கு உயிரே போயிட்டு. ஆனா இவங்க உக்காந்து கஞ்சி குடிச்சாங்க. எந்திரிச்சுப் போனாங்க. எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்கல. நான் அதுக்குத்தான் தெனமும் வாரேன்." பிறகு, "யார்ட்டயும் சொல்லாத" என்றான். சொல்லமாட்டேன் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் யோசித்தது என்ன என்று மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நாட்டுப் பெண்களை நினைத்தேன், அவனை நினைத்தேன், பத்தடி நடப்பதற்குள் கொட்டகையை நினைத்தேன். அவன் தானாக நிற்பதை விடமாட்டான். அப்படியானால் உட்காருகிறவர்கள் உட்காராமல் இருக்கவேண்டும். நூற்று நான்கு பேரும் வெயிலில் உட்கார்ந்தால் நிழல் வசதி உள்ளது என்று எந்த அதிகாரி எழுதுவான்? அவனும் பிழைப்பான், கொட்டகையும் வரும். இரண்டும் ஒரே வேலையில் முடிகிறதே என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

சங்கக் கூட்டத்தில் நான் இந்த யோசனையை மட்டும் சொன்னபோது வடிவு மட்டும்தான் எழுந்தாள்.

"அவரு மனசு சங்கடப்படுமே அண்ணாச்சி. நம்மகூட நின்ன மனுசன்."

"இன்னும் ஒரு மாசம் நின்னா மனசு சங்கடப்பட அவரு இருக்கமாட்டாரு. உன் தங்கச்சிக்கு வந்தது அவருக்கு வரணுமா?"

அந்த வார்த்தை அவளை உட்காரவைக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். உட்கார்ந்தாள். நிழல் மறுப்புப் போராட்டம் என்று பெயர் வைத்தோம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி நேரில் வந்து பார்க்கவேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பினோம். அவனிடம் மட்டும் முன்னால் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பான்.

வெள்ளிக்கிழமை அவன் வழக்கம்போல வந்து தன் இடத்தில் நின்றான். முதல் குழு இருபத்தாறு பேரும் வாளியை எடுத்துக்கொண்டு வந்து, நிழலின் ஓரத்துக்கு வெளியே, வெயிலில், வரிசையாக உட்கார்ந்தார்கள். அவன் ஏதோ தவறி நின்றுவிட்டோம் என்று நினைத்தான். நகர்ந்து நிழலை அவர்கள்மேல் கொண்டுவந்தான். அவர்கள் எழுந்து அடுத்த வரப்புக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவன் மறுபடியும் நகர்ந்தான். அவர்கள் மறுபடியும் எழுந்தார்கள். மற்ற குழுக்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள், இளம்பெண்கள் இரண்டு பேருக்கு இது விளையாட்டாகப் பட்டு, "சார் தொட்டா நான் அவுட்டு" என்று சிரித்துக்கொண்டு ஓடினார்கள், அவன் வேகமாக நடந்தான், அவர்கள் வேகமாக ஓடினார்கள், வெள்ளைத் தரையில் அந்தப் பெரிய கரிய இறக்கை பெண்களைத் துரத்திக்கொண்டு போனது, கூடைகளைப் போட்டுவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நூற்று நான்கு பேர் அதற்கு முன்னால் ஓடினார்கள்.

"ஓடாதீங்க" என்று அவன் கத்தினான். "ஓடாதீங்க தாயி. நான் ஒண்ணும் செய்யமாட்டேன். நிழல்தான். வெறும் நிழல்தான். உள்ள வாங்க. உள்ள வந்து நில்லுங்க."

அவன் அழுதுகொண்டே கத்துகிறான் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. தலைவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்பது எங்கள் சங்கத்தின் கட்டுப்பாடு, அந்தக் கட்டுப்பாட்டை ஒன்பது வருஷமாக நானே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். நான் அதிகாரி வந்திறங்கிய ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவன் கண்ணுக்கு இப்போது எந்த உப்பளம் தெரிகிறது என்று அந்த வெட்டவெளியில் தெரிந்த ஒரே ஆள் நான். நில்லுங்க என்று ஒரு குரல் கொடுத்தால் நின்றிருப்பார்கள். என் குரல் கடல்வரைக்கும் கேட்கும், மைக் இல்லாமல் ஐயாயிரம் பேருக்குப் பேசிய குரல். என் பக்கத்தில் அதிகாரி கோப்பைத் திறந்து பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் எழுதி முடிக்கட்டும் என்று நான் பொறுத்தேன்.

நிழல் வசதி இல்லை, என்று அவர் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஏசுவடியான் ஐந்தாவது பாத்தியில் முகம் குப்புற விழுந்து கிடந்தான்.

முதலில் திரும்பி ஓடிவந்தவள் வடிவு. பின்னால் எல்லோரும் வந்தார்கள். அவனைப் புரட்டிப் போட்டார்கள், உப்புப் பொருக்கு கன்னத்தில் கீறியிருந்தது. விழுந்த நேரத்திலேயே விமானம் போய்விட்டிருந்தது. அவனுக்குக் கீழே ஒரு மனிதன் அளவு நிழல்தான் இருந்தது, அதையும் அவன் உடம்பே மூடிக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு போக அருகில் நிழல் இல்லை. ஒருவரும் சொல்லாமலே நூற்று நான்கு பேரும் நெருக்கியடித்துச் சுற்றி நின்றார்கள், முன்வரிசை குனிந்தது, பின்வரிசை அவர்கள் தோள்மேல் சாய்ந்தது, வேர்வையும் உப்பும் சொட்டுகிற அத்தனை உடம்புகளின் நிழலும் சேர்ந்து அவன்மேல் விழுந்தது. அவன் கண்ணைத் திறந்தான். சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான், எண்ணுகிறவன் மாதிரி பார்த்தான். வடிவு வாயில் தண்ணீர் விட்டாள். அது உள்ளே இறங்கவில்லை.

அடக்கத்துக்கு விமானப்படை அதிகாரிகள் ஆறு பேர் வந்தார்கள். பெட்டிமேல் கொடி போர்த்தி, வானத்தைப் பார்த்துச் சுட்டு, ஊதுகுழல் ஊதி, பிறகு ஒருவர் காகிதத்தை விரித்து, எதிரி முகாம் ஒன்றை நடுப்பகலில் தாழப் பறந்து அழித்தார் என்று வாசித்தார். ஊர் தலையைக் குனிந்து கேட்டது. அதே வரியைச் சங்க வாசலில் நான் வாசித்ததைவிட அவர் நன்றாக வாசித்தார்.

ஆடி மாதம் கொட்டகை வந்தது. பன்னிரண்டு தூண், கீற்று, மணல், தண்ணீர்ப் பானை. ஒன்பது வருஷத்துக் கோரிக்கையில் ஒரு வார்த்தை குறையாமல் வாங்கினோம். சிவப்பு மையில் வெற்றி என்று நோட்டீஸ் அடித்தேன். திறந்த அன்று பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே உட்கார்ந்தார்கள், குழுவும் கிடையாது, முறையும் கிடையாது, காலை நீட்டிக்கொண்டு, கஞ்சி வாளியைத் திறந்துகொண்டு. என்னையும் உள்ளே வரச்சொல்லி உட்காரவைத்தார்கள். வடிவு எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி."

"கேளு."

"நாங்க ஓடினதுக்கு அவரு எதுக்கு அப்படி அழுதாரு? கோவம்னா ஏசியிருப்பாரு. அது கோவம் இல்ல. உள்ள வாங்க, உள்ள வந்து நில்லுங்கன்னாரே, அது எங்ககிட்டச் சொன்ன மாதிரியே இல்ல. உங்களுக்குத் தெரியும். நீங்க ஜீப்புகிட்ட நின்ன நிப்பப் பாத்தேன்."

நான் சொன்னேன். வெள்ளையாகத் தெரிந்ததை, அம்பாரத்தை, முக்காட்டை இறக்கியவளை, இரண்டாம் சுற்றை, எல்லாவற்றையும் சொன்னேன். ஜீப்புக்குப் பக்கத்தில் நான் எதற்காகப் பொறுத்தேன் என்பதையும் சொன்னேன். பேசப் பேசக் கொட்டகையில் ஒவ்வொரு வாயாகப் பேச்சு அடங்கியது, கஞ்சி குடித்தவர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள். என்னை ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன், அல்லது அவனை ஏசுவார்கள் என்று, அல்லது எழுந்து வெளியே போய்விடுவார்கள் என்று. யாரும் எதுவும் செய்யவில்லை. வடிவு வெகுநேரம் மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊரு உப்பளத்துல கொட்டகை இருந்துச்சா?" என்றாள்.

"இருந்தா அதுக்குள்ளதான் இருந்திருப்பாங்க" என்றேன்.

"கேட்டிருப்பாங்க அண்ணாச்சி" என்றாள் வடிவு. "வருசக்கணக்கா கேட்டிருப்பாங்க. உங்கள மாதிரி ஒரு ஆளு அங்கயும் இருந்திருப்பாரு."

கங்காணி மணி அடித்தான். அவர்கள் வாளிகளை மூடினார்கள், தலைத்துணியைக் கட்டினார்கள், உப்பு வாரும் பலகைகளை எடுத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வெயிலுக்குள் இறங்கிப் போனார்கள். நூற்று நான்கு பேருக்காகப் போட்ட அந்த நிழலில் நான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.